சிந்துவெளி நகர மதில்கள்: 'அரண்' என்னும் விளக்கம் குறித்த மறுஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய நகரங்களைச் சூழ்ந்திருந்த மதில்கள் பகைவரைத் தடுக்கவே எழுப்பப்பட்டன என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வரும் கருத்து. சிந்துவெளி நகரங்களின் மதில்களுக்கும் இவ்விளக்கமே 1946ஆம் ஆண்டின் ஹரப்பா அகழாய்வை ஒட்டி மார்ட்டிமர் வீலரால் அளிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் வெள்ளத் தடுப்பு, வணிகக் கட்டுப்பாடு, அதிகாரக் காட்சி ஆகிய மாற்று விளக்கங்களை முன்வைத்தன. இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றும் எந்தத் தொல்லியல் சான்றின்மேல் நிற்கின்றன, எவ்விடத்தில் சான்றைக் கடந்து செல்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதிலுக்கு ஒற்றைப் பயன் கற்பிக்கும் போக்கே இவை அனைத்திலும் காணப்படும் பொதுக்குறை என்பதையும், தமிழாய்வு வீலரின் விளக்கத்தைச் சான்றாகக் கொள்வதிலுள்ள இடர்ப்பாட்டையும் கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சிந்துவெளி, மதில், ஹரப்பா, தோலாவிரா, எரிகோ, வீலர், அகழாய்வு, மண்ணடுக்கு.

முன்னுரை

அகழாய்வில் வெளிப்படும் ஒரு சுவர் தன் நீளத்தையும் அகலத்தையும் கட்டுமானப் பொருளையும் காட்டும்; தன் நோக்கத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. நோக்கம் என்பது ஆய்வாளர் ஊகித்து உரைப்பது. அவ்வூகத்திற்கு அடிப்படையாக அமைவன சுவரைச் சுற்றியுள்ள மண்ணடுக்குகள், வாயில்களின் அமைப்பு, அருகில் கிடைக்கும் பொருள்கள், ஒத்த காலத்துப் பிற குடியிருப்புகளின் நிலை ஆகியன. இவற்றோடு, ஆய்வாளர் தம் காலத்திலிருந்தும் தாம் கற்ற இலக்கியத்திலிருந்தும் கொண்டுவரும் முன்முடிவுகளும் சேர்கின்றன. முன்முடிவு சான்றைவிட வலிமை பெறும்போது சுவர் பேசாததையெல்லாம் பேசியதாகக் கருதும் நிலை உருவாகிறது.

சிந்துவெளி மதில்களைப் பற்றிய ஆய்வு வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஹரப்பா, மொகஞ்சதாரோ, காலிபங்கன், தோலாவிரா, சுர்கோட்டடா, லோத்தல் எனப் பல இடங்களில் பெருஞ்சுவர்கள் வெளிப்பட்டுள்ளன. ஆயினும் சன்குதாரோ போன்ற குடியிருப்புகளில் அத்தகைய மதில் அறியப்படவில்லை. ஒரே பண்பாட்டு எல்லைக்குள் மதிலுள்ள ஊரும் மதிலற்ற ஊரும் இருந்தன என்பதே ஒற்றை விளக்கத்தைப் பற்றிய ஐயத்திற்கு முதற்காரணமாகிறது.

வீலரின் விளக்கம்

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற வீலர், 1945இல் அரிக்கமேட்டிலும் 1946இல் ஹரப்பாவிலும் அகழாய்வு நடத்தினார். மண்ணடுக்குகளை முறையாகப் பிரித்தறியும் முறையை இந்திய அகழாய்வில் நிலைநிறுத்தியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஹரப்பாவின் 'ஏபி' எனப்படும் மேட்டைச் சூழ்ந்து, அடிப்பகுதியில் ஏறத்தாழ 12 மீட்டர் அகலமுடைய பச்சைச் செங்கற் சுவர் இருந்ததையும், அதன் வெளிமுகம் சுட்ட செங்கற்களால் காக்கப்பட்டிருந்ததையும் அவர் தெளிவாகப் பதிவு செய்தார். கொத்தளங்களும் வாயில்களும் கொண்ட இம்மேட்டை அவர் உட்கோட்டை எனக் கொண்டார்.

கண்டறிந்தவற்றைப் பதிவு செய்த அளவில் வீலரின் பணியில் குறை காண்பதற்கில்லை. அடுத்த படிநிலையிலேயே சிக்கல் எழுகிறது. ரிக்வேதத்தில் 'புர்' எனப்படும் அரண்களை அழிப்பவனாக இந்திரன் போற்றப்படுகிறான். அவ்வரண்கள் எவை என்ற வினாவிற்கு ஹரப்பாவின் மதிலை வீலர் விடையாக்கினார். மொகஞ்சதாரோவின் தெருக்களிலும் வீடுகளிலும் 1920களிலும் அதனையொட்டியும் கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் இறுதித் தாக்குதலில் கொல்லப்பட்டோருடையவை எனக் கொள்ளப்பட்டன. மதில், வேதப் பாடல், எலும்புக்கூடு ஆகிய மூன்றும் இணைந்து ஒரு போர்க்கதை உருவாயிற்று.

இக்கதையின் உருவாக்கத்தில் வீலரின் முந்தைய அனுபவத்திற்கும் பங்குண்டு. இரு உலகப் போர்களிலும் பீரங்கிப் படை அலுவலராகப் பணியாற்றிய அவர், 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள மெய்டன் காசில் மலைக்கோட்டையில் அகழாய்வு நடத்தினார். அங்குக் கிழக்கு வாயிலருகே கிடைத்த புதைகுழிகளை உரோமானியப் படையெடுப்பில் மாண்டோரின் போர்க்களக் கல்லறை என விளக்கினார். அவ்விளக்கமும் பின்னாளைய ஆய்வாளர்களால் கேள்விக்குட்படுத்தப்பட்டுள்ளது. மதில், வாயில், எலும்புக்கூடு, இலக்கியம் சொல்லும் படையெடுப்பு என்னும் அதே வரிசை ஹரப்பாவிலும் திரும்பி வந்தது தற்செயலெனத் தோன்றவில்லை.

வீலரின் வாதத்திற்கு எதிரான சான்றுகள்

ஜார்ஜ் டேல்ஸ் 1964இல் வெளியிட்ட கட்டுரை மொகஞ்சதாரோப் படுகொலை என்பது புனைவே என வாதிட்டது. அவர் எடுத்துக்காட்டிய செய்திகளுள் இரண்டு இங்கு இன்றியமையாதவை. முதலாவது, எலும்புக்கூடுகள் அனைத்தும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவை அல்ல. எனவே அவற்றை ஒரே நிகழ்வின் விளைவாகக் கொள்ள இயலாது. இரண்டாவது, உட்கோட்டை எனப்பட்ட பகுதியில் ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை. இறுதிப் போர் நிகழ்ந்திருப்பின் அரணுக்குள்ளேயே மடிந்தோரின் எச்சங்கள் மிகுந்திருக்க வேண்டும். அவை கிடைத்ததோ தாழ்நிலக் குடியிருப்பில். மதிலுக்கும் எலும்புக்கூட்டுக்கும் இடையே வீலர் கண்ட உறவு இவ்வாறு அறுபடுகிறது.

காலக்கணிப்பும் வீலருக்குத் துணை நிற்கவில்லை. சிந்துவெளி நாகரிகத்தின் முடிவை அவர் கி.மு. 1500 அளவில் வைத்தார். கரிமக் காலக்கணிப்பு வளர்ந்தபின், முதிர்ந்த ஹரப்பாக் கட்டம் கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை என வரையறுக்கப்பட்டுள்ளது. ரிக்வேதப் பாடல்களுக்குப் பெரும்பாலோர் தரும் காலத்திற்கும் இந்நகரங்களின் முடிவிற்கும் இடையே சில நூற்றாண்டு இடைவெளி ஏற்படுகிறது. கைவிடப்பட்ட நகரின் மதிலை எவரும் முற்றுகையிடத் தேவையில்லை.

சொற்பொருள் ஆய்வும் இதே திசையில் செல்கிறது. வில்ஹெல்ம் ராவ் 1976இல் வெளியிட்ட ஆய்வில் வேத இலக்கியம் முழுவதிலும் 'புர்' வரும் இடங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். அச்சொல் மண்ணாலோ கல்லாலோ அமைந்த, பெரும்பாலும் வட்ட வடிவான, இடர்க்காலப் புகலிடத்தையே குறிப்பதாகவும், செங்கல்லால் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரத்தை அது சுட்டவில்லை எனவும் அவர் முடிவு கண்டார். நாற்கர வடிவில் தெருக்கள் வகுக்கப்பட்ட ஹரப்பாவிற்கு இவ்விவரிப்பு பொருந்தவில்லை. பின்னாளில் பிறந்த 'நகரம்' என்னும் பொருளை முற்காலச் சொல்லின்மேல் ஏற்றியதே இங்கு நேர்ந்த பிழை.

எரிகோ: ஓர் ஒப்பீடு

இத்தகைய மறுவிளக்கம் சிந்துவெளிக்கு மட்டும் உரியதன்று. யோர்தான் பள்ளத்தாக்கிலுள்ள எரிகோவில் 1952 முதல் 1958 வரை அகழாய்வு நடத்திய கேத்லீன் கென்யன், மட்பாண்டத்திற்கு முற்பட்ட புதிய கற்காலத்தைச் சேர்ந்த கற்சுவரையும், அதன் உட்புறத்தில் ஏறத்தாழ 8.5 மீட்டர் உயரமுள்ள கற்கோபுரத்தையும் வெளிப்படுத்தினார். இவை கி.மு. 8000 அல்லது அதற்கு முற்பட்ட காலத்தவை. வெளியே பாறையில் வெட்டப்பட்ட அகழியும் இருந்தது. சுவர், கோபுரம், அகழி மூன்றும் ஒருங்கே அமைந்ததால் உலகின் மிகப் பழைய கோட்டை இதுவே எனக் கருதப்பட்டது.

1986இல் ஓஃபர் பார்-யோசெப் இவ்விளக்கத்தை மறுத்தார். கோபுரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிராமல் உட்புறம் அமைந்துள்ளது; சுவரை ஏறுவோரைப் பக்கவாட்டிலிருந்து தாக்க அது உதவாது. ஒத்த காலத்து அண்டைக் குடியிருப்புகளில் அரண் ஏதும் இல்லை. பகைவர் யார் என்ற வினாவிற்கும் விடையில்லை. மேட்டின் மேற்கிலிருந்து ஓடையின் வழியே வரும் வெள்ளத்தையும் சேற்றுப் பெருக்கையும் தடுக்கவே சுவர் எழுப்பப்பட்டது என்பது அவர் முடிவு. கோபுரம் பொதுச் சடங்குகளோடு தொடர்புடையதாக இருக்கலாம் எனவும் அவர் கருதினார்.

இவ்வாதத்தின் சிறப்பு அதன் முடிவைக் காட்டிலும் முறையில் உள்ளது. அரண் எனின் களத்தில் இன்னின்ன அடையாளங்கள் இருத்தல் வேண்டும் என முதலில் வகுத்துக்கொண்டு, அவை உள்ளனவா எனப் பார்-யோசெப் தேடுகிறார். ஒரு விளக்கத்தை மெய்ப்பிப்பதற்கு மட்டுமன்றி, பொய்ப்பிப்பதற்கும் வாய்ப்பளிக்கும் முறை இது. சிந்துவெளி ஆய்வு மேற்கொள்ள வேண்டிய முறையும் இதுவே.

வெள்ளத் தடுப்பு என்னும் விளக்கமும் அதன் எல்லையும்

சிந்துவும் அதன் துணையாறுகளும் ஆண்டுதோறும் கரைபுரள்பவை. மொகஞ்சதாரோவின் கட்டடங்கள் பெரும் மேடைகளின்மேல் எழுப்பப்பட்டன. லோத்தலை அகழ்ந்த எஸ்.ஆர். ராவ் அந்நகரின் சுற்றுச்சுவரையும் மேடைகளையும் வெள்ளக் காப்போடு தொடர்புபடுத்தினார். சாய்வான வெளிமுகமும் சுட்ட செங்கல் உறையும் நீரரிப்பைத் தாங்கத்தக்கவை. எனவே வெள்ளத் தடுப்பு என்னும் விளக்கம் ஆற்றங்கரை நகரங்களைப் பொறுத்தவரை வலுவுடையது.

எனினும் இவ்விளக்கத்தைப் பொதுவிதியாக்குவோர் வீலர் செய்த பிழையையே வேறு வடிவில் செய்கின்றனர். கட்ச்சுப் பகுதியின் கதிர் தீவிலுள்ள தோலாவிரா இதனைத் தெளிவுபடுத்தும். ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் அகழப்பட்ட இந்நகரின் வெளிமதில் ஏறத்தாழ 771 மீட்டர் நீளமும் 617 மீட்டர் அகலமும் உடைய பரப்பைச் சூழ்கிறது. அதனுள் உட்கோட்டை, அதனையொட்டிய அடைப்பு, நடுநகர், கீழ்நகர் என ஒவ்வொரு பகுதியும் தனித்தனிச் சுவர்களால் பிரிக்கப்பட்டுள்ளது. வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்னும் இரு பருவக்கால ஓடைகளின் நீர் இங்குத் தேக்கங்களுக்குத் திருப்பப்பட்டது. நீரைத் தடுப்பதைவிடச் சேமிப்பதே இவ்வறண்ட நிலத்து மக்களின் முதன்மைக் கவலை. நகரின் உட்பகுதிகளைத் தம்முள் பிரிக்கும் சுவர்களை வெள்ளம் விளக்கவியலாது.

தோலாவிரா உட்கோட்டையின் மிகுதடிப்பான சுவரை ஆழிப்பேரலைக் காப்பாகக் கருதும் கருத்தை, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் முன்வைத்தனர். தடிப்பு ஒன்றையே அடிப்படையாகக் கொள்ளும் இவ்வாதத்தில் ஒரு முறையியல் இடர்ப்பாடு உள்ளது. தடிப்பு எப்போதும் தொடக்கத் திட்டத்தின் விளைவன்று. காலிபங்கனின் முற்பட்ட கட்டத்தில் முதலில் ஏறத்தாழ 1.9 மீட்டர் தடிப்பில் எழுந்த சுவர், அடுத்த நிலையில் ஏறத்தாழ இருமடங்காகத் தடிப்பாக்கப்பட்டது. தோலாவிராவின் சுவர்களும் பல நிலைகளில் வலுப்படுத்தப்பட்டவை. பச்சைச் செங்கல் மழையில் கரையும். பழைய முகத்தைச் செப்பனிட அதன்மேல் புதிய உறை சேர்க்க வேண்டும். எனவே அகழாய்வாளர் அளக்கும் தடிப்பில் பல தலைமுறைப் பராமரிப்பும் அடங்கியுள்ளது. இறுதித் தடிப்பைத் தொடக்க நோக்கத்திற்குச் சான்றாக்குவது காலத்தைக் கணக்கில் கொள்ளாத வாதமாகும்.

வாயிலும் வணிகமும்

1986 முதல் ஹரப்பாவில் நடைபெற்ற அகழாய்வுகள் மதில் பற்றிய வினாவை வாயில் பற்றிய வினாவாக மாற்றின. ஜோனதன் மார்க் கெனோயர், ரிச்சர்டு மெடோ ஆகியோரின் ஆய்வு, அந்நகரம் ஒரே கோட்டையும் அதன் கீழமைந்த குடியிருப்பும் கொண்டதன்று. தனித்தனி மதில் சூழ்ந்த பல மேடுகளின் தொகுதி எனக் காட்டியது. 'ஈ' மேட்டின் தென்வாயில் ஏறத்தாழ 2.8 மீட்டர் அகலமே உடையது. ஒரு மாட்டுவண்டி மட்டும் ஒரு நேரத்தில் நுழையத்தக்கது. வாயிலை அடுத்துப் பண்டங்களைச் சோதித்து வரி பெறும் ஏற்பாடு இருந்திருக்கலாம் எனக் கெனோயர் கருதுகிறார். சிந்துவெளி முழுவதும் ஒரே அளவுமுறையைப் பின்பற்றும் எடைக்கற்களும் முத்திரைகளும் இக்கருத்திற்கு அரண் சேர்க்கின்றன.

இவ்விளக்கம் மதிலின் பணியை 'தடுத்தல்' என்பதிலிருந்து 'வழிப்படுத்தல்' என்பதற்கு மாற்றுகிறது. சுவர் இருப்பதால்தான் வாயிலுக்குப் பொருள் உண்டு. வாயில் வழியன்றி எவரும் நுழையவியலாத நிலையில்தான் உள்வரும் பண்டத்தைக் கணக்கிட முடியும். பண்டத்தின்மேல் பொறியிட்டு உல்கு பெறும் வழக்கம் பட்டினப்பாலையில் கூறப்படுவது தமிழாய்வாளர் அறிந்ததே. காலத்தாலும் இடத்தாலும் வெகுதொலைவிலுள்ள அச்செய்தி சிந்துவெளிக்குச் சான்றாகாது. எனினும் பொறியும் வரியும் இணைந்தியங்கும் முறையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

இவ்விளக்கமும் முழுமையானதன்று. வண்டிகளை வாயிலுக்குத் திருப்ப 12 மீட்டர் அகல அடித்தளம் வேண்டியதில்லை. தேவைக்கு மேற்பட்ட இப்பருமை, தொலைவிலிருந்து வருவோர்க்கு நகரத்தின் ஆற்றலை உணர்த்தும் காட்சியாகவும், பெருந்தொகை உழைப்பை ஒருங்குதிரட்டும் அமைப்பின் வெளிப்பாடாகவும் இருந்திருக்கலாம். தோலாவிராவின் வடக்கு வாயிலருகே கிடைத்த பத்துக் குறியீடுகள் கொண்ட பெரும் எழுத்துப் பலகை, வாயில் என்பது காணப்படுவதற்கான இடமாகவும் கருதப்பட்டது என எண்ணத் தூண்டுகிறது.

அமைதி நாகரிகம் என்னும் எதிர்நிலை

வீலரின் கருத்து வலுவிழந்தபின், சிந்துவெளி போரையே அறியாத நாகரிகம் என்னும் எதிர்க்கருத்துப் பரவியது. இதுவும் சான்றைக் கடந்த கூற்றே. கோட் டிஜியில் முற்பட்ட கட்டத்திற்கும் முதிர்ந்த கட்டத்திற்கும் இடையே எரிபட்ட அடுக்கு காணப்படுகிறது. அது பகையாலா நேர்ச்சியாலா நேர்ந்தது என முடிவு கூற இயலாவிடினும், அதனைப் புறக்கணித்தல் முறையன்று. மொகஞ்சதாரோவின் தென்கிழக்குக் கொத்தளங்களின் அருகே கவணில் வைத்து எறியத்தக்க சுட்ட மண்ணுருண்டைகள் தொகுதியாகக் கிடைத்தன. செம்பாலும் வெண்கலத்தாலும் ஆன ஈட்டிமுனைகளும் அம்புமுனைகளும் கிடைத்துள்ளன. பெரும்போரைக் காட்ட இவை போதா. பாதுகாப்பு என்ற எண்ணமே இல்லை எனக் கூறுவதையும் இவை தடுக்கின்றன. கள்வர், கொள்ளைக் கூட்டத்தார், காட்டு விலங்குகள் ஆகியோரிடமிருந்து காத்தலும் காவலே. படையெடுப்பு இல்லை என்பதனால் காவல் தேவையில்லை என்றாகாது.

தமிழாய்வில் இவ்விவாதத்தின் இடம்

சிந்துவெளி மக்கள் திராவிட மொழி பேசியவர்கள் என்னும் கருதுகோள் தமிழாய்வில் சிறப்பிடம் பெறுகிறது. அதனோடு இணைந்து, திராவிடர் கட்டிய கோட்டைகளை ஆரியர் தகர்த்தனர் என்னும் செய்தியும் தமிழில் எழுதப்படும் பொது வரலாற்றுக் கட்டுரைகளில் இன்றளவும் இடம்பெறுகிறது. ஹரப்பாவின் மதிலும் இந்திரனின் பெயரும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. இது வீலரின் கதையை அப்படியே ஏற்று, வென்றவர் பக்கமிருந்து தோற்றவர் பக்கத்திற்குப் பரிவை மட்டும் மாற்றிக்கொள்வதாகும். கதையின் அடித்தளம் மாறவில்லை.

இவ்வாறு ஏற்பதற்கு இலக்கியப் பயிற்சியும் ஒரு காரணமாகலாம். மதில் என்றவுடன் முற்றுகையை எண்ணுவது தமிழ் மரபில் வேரூன்றியது. தொல்காப்பியம் உழிஞையைத் தனித்திணையாக வகுத்தது. புறப்பொருள் வெண்பாமாலை அரண் காத்தலை நொச்சி எனப் பிரித்து வேறொரு திணையாக்கியது. எயில் போரின் களமாக விளங்கும் இவ்விலக்கணம், வேந்தர் தம்முள் பொருத ஒரு காலத்தின் அரசியலைச் சார்ந்தது. அதனை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வேறொரு சமூகத்தின் சுவர்மேல் ஏற்றுவதற்கு உரிய காரணம் காட்டப்பட வேண்டும்.

இதனால் திராவிடக் கருதுகோளுக்கு இழப்பு நேராது என்பதும் வலியுறுத்தத்தக்கது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொடரடைவும், அஸ்கோ பர்போலா 1994இல் வெளியிட்ட நூலும் குறியீடுகளின் வரிசைமுறையையும் மொழியியல் ஒப்பீட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. கருதுகோள் நிற்பதும் வீழ்வதும் அத்தகைய சான்றுகளைப் பொறுத்தது. மதிலை யார் இடித்தார் என்பதைப் பொறுத்ததன்று. வலுவான வாதத்தோடு வலுவற்ற சான்றைச் சேர்த்து உரைக்கும்போது, மறுப்போர் வலுவற்றதை வீழ்த்தி முழுவாதத்தையும் வீழ்த்தியதாகக் காட்டுவர். கைவிடப்பட்ட விளக்கத்தைத் தாங்கிப் பிடிப்பதால் தமிழாய்வுக்கு நேரும் இடர் இதுவே.

முடிவுரை

சிந்துவெளி மதில்கள் குறித்த விளக்கங்களை ஆராய்ந்ததில் பின்வருவன பெறப்படுகின்றன. வீலரின் படையெடுப்பு விளக்கத்தை மண்ணடுக்கு, காலக்கணிப்பு, சொற்பொருள் ஆகிய மூன்றும் மறுக்கின்றன. வெள்ளத் தடுப்பு ஆற்றங்கரை நகரங்களுக்குப் பொருந்தினும் உட்பிரிவுச் சுவர்களை விளக்கவில்லை. வாயில்வழி வணிகக் கட்டுப்பாடு ஹரப்பாவிற்குப் பொருந்தினும் சுவரின் பருமைக்குக் காரணம் கூறவில்லை. ஒவ்வொரு விளக்கமும் ஓர் இடத்தில் தோன்றி, பின்னர் அனைத்திடங்களுக்கும் நீட்டப்பட்டபோதே பிழையாயிற்று.

ஏழு நூற்றாண்டுகள் பயன்பட்ட ஒரு சுவர் தொடங்கியபோது ஒரு தேவையையும், பின்னர் வேறு தேவைகளையும் நிறைவேற்றியிருக்கக் கூடும். ஆகவே ஒவ்வொரு நகரத்தின் மதிலையும் அதன் கட்டுமான நிலைகள்தோறும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். ஒவ்வொரு விளக்கத்திற்கும் அது மெய்யாயின் களத்தில் காணப்பட வேண்டிய அடையாளங்களை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். மதில் எதற்காகக் கட்டப்பட்டது என்னும் வினாவோடு, அது எவ்வெக்காலத்தில் எவ்வெவ்வாறு பயன்பட்டது என்னும் வினாவும் எழுப்பப்படும்போதே இவ்வாய்வு முன்னேற்றம் காணும்.